பெட்டிக்குள் என்ன வைப்பீர்கள்? ஓலைக் கடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், முறிகண்டிக்குக் கிட்ட, யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியோரம், ஒரு சின்னப் பனையோலைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் தகரப் பத்தி, பின்னால் வேப்பமரம், அதன் கீழே நாலைந்து பேர் இருந்து இழைக்க இரண்டு பாய். கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது 2013 இல். அடுத்த வருசம் நான் கடை போட்டேன். கடை தொடங்க நினைக்கிற பெண்கள், செயற்திட்டம் செய்ய வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது, அதுதான் எழுதிவைத்தேன்.

கடை தொடங்க எவ்வளவு முதல் வேண்டும்?

நான் தொடங்கியபோது கடையே இல்லை. ஒரு மேசை, அதில் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி ஆறு, மூடி போட்ட மூடுபெட்டி நாலு, அரிசி புடைக்கிற சுளகு இரண்டு, ஒரு கட்டு விசிறி. ஓலைக்கும் சாயத்துக்கும் கத்திக்கும் பெரிய காசு போகாது. காசைத் தின்பது கட்டடமும் கண்ணாடி அலுமாரியும்தான். முதல் ஒரு வருசம் மேசையோடு ஓட்டிப் பாருங்கள். சனம் எதைக் கையில் எடுக்கிறது, எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறது என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

கிழமைக் கடன் எடுத்து மட்டும் தொடங்காதீர்கள். தவணைக் காசு வாங்க வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றாலே வீட்டுக்குள் ஒளிகிற பெண்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டோம். ஓலைச் சாமான் கிழமைக்குக் கிழமை ஒரே மாதிரி விற்காது. தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சுழற்சிக் கடன் இருந்தால் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து சீட்டுப் பிடியுங்கள்.

ஓலை எங்கே எடுக்கிறீர்கள்? எந்த ஓலை நல்லது?

யாழ்ப்பாணம் மாதிரி வன்னியில் வேலிக்கு வேலி பனை நிற்பதில்லை. பூநகரி, பளைப் பக்கம் அடர்த்தியாக இருக்கும். உள்ளே காட்டுப் பக்கம் வரவரக் குறைந்துவிடும். இருந்த மரங்களிலும் போர்க்காலத்தில் பதுங்கு குழிக்குக் குற்றியாகப் போனவை எத்தனை, ஷெல் விழுந்து தலை போனவை எத்தனை. பனை நட்டால் பாளை தள்ளப் பன்னிரண்டு, பதினைந்து வருசமாவது வேண்டும். அதனால் ஓலையைக் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பூநகரியிலிருந்து கட்டுக்கணக்கில் வருகிறது.

நுட்பமான வேலைக்கு இளசான குருத்தோலையும் சார்வோலையும்தான். முற்றின ஓலை வேலி அடைக்கவும் கூரை வேயவும் சரி. பெட்டிக்கு மடியாது, வெடிக்கும். ஒரு மரத்தில் வருசத்துக்கு ஒரு டசின் ஓலை புதிதாக வந்தாலே பெரிது. குருத்தை அடுத்தடுத்து வெட்டினால் மரம் இளைத்துவிடும். ஒரு மரத்தில் ஒரு தடவைக்கு ஒரு குருத்துக்கு மேல் வேண்டாம் என்று ஓலை கொண்டுவருகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “நீங்கள் ஏறி எண்ணிப் பார்க்கப் போறீங்களோ அக்கா?” என்று சிரிப்பார். ஏற மாட்டேன்தான். ஆனால் அவருக்கும் அதே மரம்தான் அடுத்த வருசமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஓலையைப் பதப்படுத்துவது எப்படி?

குருத்தை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட வேண்டும். இரவில் எடுத்து உள்ளே வைக்காமல் பனியில் கிடக்க விட்டால் நன்றாக வெளுத்து வரும். பிறகு ஈர்க்கைக் கிழித்துத் தனியாகக் கட்டி வைப்பது. அதையும் எறியக்கூடாது, விளிம்புக்கு வேண்டும். காய்ந்த ஓலையைச் சுருட்டிக் காற்றுப்படும் இடத்தில் உயரத்தில் வைக்க வேண்டும். அம்மம்மா அடுப்புக்கு மேலே பரணில் வைப்பா. புகை படுவதால் பூச்சி அண்டாது.

இழைக்கும் முன் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, பிறகு ஒரே அகலக் கீற்றுகளாக வார வேண்டும். வார்வதில்தான் பாதி அழகு. ஒரு ஓலை கால் விரற்கடை, அடுத்தது அதைவிட ஒரு மயிரிழை கூட என்று போனால் பத்தாவது வரிசையில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பழகாத கைக்கு, ஒரு மரத்துண்டில் இரண்டு பிளேட் துண்டை அளவாக இடைவெளி விட்டு இறுக்கி, அதற்குள்ளால் ஓலையை இழுப்பது சுகம்.

நேரமும் முக்கியம். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு ஓலை முறுகி, மடிக்க மடிக்க வெடிக்கும். நாங்கள் காலை ஆறு முதல் ஒன்பது வரை இழைப்போம், பிறகு நாலு மணிக்கு மேல்தான். நடுப்பகலில் கணக்கு எழுதுவேன், இல்லாவிட்டால் நித்திரை.

சாயம் கழராமல் இருக்க என்ன செய்வது?

கொதிநீரில் சாயத்தூளைக் கரைத்து, ஒரு பிடி உப்புப் போட்டு, ஓலையை முழுக்க அமிழ்த்தி, மெல்லிய நெருப்பில் விட வேண்டும். எடுத்துப் பச்சைத் தண்ணீரில் தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். நிழலில் காயப்போட வேண்டும். எல்லாரும் அலசுவதில்தான் சோம்பல்படுவார்கள். நானும் பட்டிருக்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன ஒரு அக்கா என்னிடம் வாங்கிய சிவப்புக் கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு சனத்துக்குள் நின்றிருக்கிறா. வைகாசி வெயில், வியர்வை. வெள்ளைச் சேலையில் உள்ளங்கையளவு சிவப்பு. அடுத்த கிழமை பையோடும் சேலையோடும் கடைக்கு வந்தா. பைக்குக் காசைக் கொடுத்தேன், சேலைக்கு என்ன கொடுப்பது? அதிலிருந்து ஒவ்வொரு சாயக் கட்டிலும் ஒரு ஓலையை எடுத்து ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் இழைக்கக் கொடுப்பதில்லை.

இயற்கைச் சாயம் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் கேட்பார்கள். மஞ்சள் வடிவான நிறம் தரும், ஆனால் வெயில் பட்டால் மாதக்கணக்கில்கூட நிற்காது. அதை வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டே விற்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் மன்னார்ப் பக்கம் சாயவேர் தோண்டிச் சேர்த்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். அந்த வேரை ஓலையில் ஒருமுறையாவது முயன்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்னும் கை கூடவில்லை.

புதிய யோசனைகள் எங்கிருந்து வருகின்றன?

கன பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கும்போதே நான் ஏதோ கனவு கண்டு எழும்பிச் செய்கிறேன் என்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். நான் செய்வது ஒன்றுதான்: இதற்குள் யார், எதை வைப்பார்கள் என்று கேட்பது. பழைய சாமான் எல்லாமே அப்படி வந்ததுதானே. நீத்துப்பெட்டி கூம்பாக இருப்பது வடிவுக்காக இல்லை, புட்டுக்குள் ஆவி ஏறுவதற்காக. கடகத்துக்கு வெளியே நார் வைத்துப் பொத்துவது, ஈர நெல்லும் மண்ணும் சுமந்தால் ஓலை மட்டும் தாங்காது என்பதால்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முறிகண்டியில் பஸ் நின்றால் பத்து நிமிடம் நிற்கும். சனம் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கி, ஹோர்ன் அடிக்கும் முன் ஏறிவிடும். என் கடைப் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். இரண்டு வருசம் இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலில் இருந்தேன். ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து பஸ்ஸில் ஏறும்போது கடதாசிச் சுருள் பிரிந்து கச்சான் முழுவதும் படியில் கொட்டிவிட்டது. பிள்ளை வாய்விட்டு அழுகிறது. என் கையில் வாய் கோணின ஒரு குட்டான் இருந்தது. பனங்கட்டி வார்க்கிற சின்ன ஓலைக் குட்டான் தெரியும்தானே, அதுதான். அதில் புதுக் கச்சானை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். பஸ் வெளிக்கிடும் முன் தாய் ஜன்னலால் தலையை நீட்டி, “அதிலை இன்னும் நாலு இருக்கோ?” என்றா.

இருக்கவில்லை. அன்றிரவு இருந்து செய்தேன். முதலாவது உயரம் கூடிவிட்டது. பிள்ளையின் கை போகும், பெரிய ஆளின் கை அடியைத் தொடாது. இரண்டாவது வாய் அகலம், பஸ் குலுங்கினால் கச்சான் வெளியே குதிக்கும். மூன்றாவதில் உயரத்தை இரண்டு விரல் குறைத்து, வாயைக் கொஞ்சம் உள்ளே வளைத்து, பக்கத்தில் ஓலையாலேயே ஒரு வளையம் வைத்தேன். முன் சீற்றில் கொழுவிவிடலாம். பக்கத்தில் கச்சான் வறுக்கிற ஆச்சியிடம் பத்துக் கொடுத்தேன். அவ நிரப்பி விற்றா, காசைப் பங்கு பிரித்தோம். இன்றைக்கும் என் கடையில் ஓடுகிற சாமான் அதுதான். சுவரில் மாட்ட ஓலையால் ஒரு மணிக்கூடு செய்தேன், கைவினைப் போட்டிக்கு அனுப்பலாம் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். மூன்று வருசம் தூசி பிடித்துக் கிடந்து, கடைசியில் என் சமையலறைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று கொட்டைப்பெட்டி. அப்பு மடியில் செருகி வைத்திருப்பார். ஒரு அறையில் வெற்றிலை, ஒரு அறையில் பாக்கு, உள்ளே ஒளிவாகக் காசு. வெற்றிலை போடுகிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள், மடி உள்ள வேட்டியும் குறைந்துவிட்டது. அதே அமைப்பை வைத்துப் போன் வயருக்கும் காதுக்கருவிக்கும் இரண்டு அறைப் பெட்டி செய்தேன். வாங்குகிற பொடியங்களுக்கு அது கொட்டைப்பெட்டி என்று தெரியாது. தெரிந்த கிழவர் ஒருவர் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, காசு வைக்கிற அறை எங்கே என்று கேட்டார். அடுத்த தொகுதியில் அந்த அறையையும் சேர்த்துவிட்டேன்.

ஒன்றுமே தோன்றாத நாட்களில் என்ன செய்வீர்கள்?

சுளகு இழைப்பேன். யோசிக்கத் தேவையில்லாத வேலை எதுவோ அது. கை ஓடிக்கொண்டிருந்தால் ஏதாவது ஒரு மடிப்புத் தவறிப்போய், அந்தத் தவறு பார்க்க நல்லாயிருக்கே என்று நிற்கும். என் மூடுபெட்டி மூடியில் இருக்கிற சுழி அப்படித் தவறி வந்ததுதான்.

சிலவேளை இரணைமடுக் குளத்து அணைக்கட்டில் பின்னேரம் நடப்பேன். பார்க்கப் போவது நிறம். காலபோக நெல் விதைத்து ஒரு மாதத்தில் வயல் ஒரு பச்சை, குடலைப் பருவத்தில் வேறு பச்சை, அரிவு வெட்டும்போது நிறம் சொல்ல வார்த்தை இல்லை. பாலைப்பழக் காலத்தில் மஞ்சள். மாரி தொடங்கினால் வேலியோரம் கார்த்திகைப்பூ, நுனி சிவப்பும் அடி மஞ்சளும். புலிகளின் அடையாளமாக இருந்த பூ என்பதால், அந்தப் பூவை இழைத்தால் ஆளுக்கொரு கேள்வி வரும். இரண்டு நிறத்தையும் எடுத்து ஒரு பையின் விளிம்பில் வைத்தேன், நிறத்துக்கு யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

மற்றது, அடுத்த வீட்டுக் குசினிகள். செத்த வீடோ கலியாண வீடோ, போனால் குசினிக்குள் நுழைந்து என்ன எதில் கிடக்கிறது என்று பார்ப்பேன். வெங்காயம் பிளாஸ்ரிக் வாளியில் கிடந்து அழுகும். தேசிக்காய் ஷொப்பிங் பையில் கிடந்து வியர்க்கும். காற்றுப் போகிற பெட்டி ஒன்று இருந்தால் என்ன என்று வீடு வரும்வரை அதே யோசனையாக இருக்கும்.

இணையத்தில் படம் பார்த்துச் செய்யலாமா?

பாருங்கள், குற்றமில்லை. ஆனால் பிரம்புக்கும் மூங்கிலுக்கும் செய்த வடிவங்களை ஓலையில் செய்ய வெளிக்கிட்டால் இரண்டாம் மாதம் தொய்ந்துவிடும். படத்தில் தொய்வது தெரியாது.

என் மாதிரியை அடுத்த கடைக்காரர் அப்படியே செய்கிறார். என்ன செய்வது?

கச்சான் குட்டான் இப்போது நாலு கடையில் இருக்கிறது. முதலில் எனக்கும் வயிறு எரிந்தது. பிறகு யோசித்தால், குட்டானே நான் கண்டுபிடித்ததா? யாரோ பெயர் தெரியாத மனுசி செய்ததை நான் குள்ளமாக்கினேன். அடுத்தவருக்கு என்ன சொல்வது? அவர்கள் செய்வதில் வளையம் இரண்டு நாளில் அறுகிறது, அது வேறு கதை. நீங்கள் செய்யக்கூடியது இரண்டு: கடைப் பெயரை ஒவ்வொரு சாமானிலும் சின்ன அட்டையில் கட்டிவிடுங்கள், அவர்கள் இதைப் பிடிக்கிறபோது நீங்கள் அடுத்ததில் இருங்கள்.

விலை எப்படிப் போடுவது?

பெண்கள் செய்கிற பெரிய பிழை, ஓலைக் காசையும் சாயக் காசையும் கூட்டி அதன்மேல் நூறு ரூபா வைத்து விற்பது. “வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே” என்பார்கள். சும்மா இருக்கிற பெண்ணை நான் வன்னியில் இன்னும் காணவில்லை.

உங்கள் ஊரில் ஒரு பெண் தோட்ட வேலைக்குப் போனால் நாட்கூலி என்ன? கணக்குக்கு 2,000 ரூபா என்று வைப்போம். எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 250. ஒரு மூடுபெட்டிக்கு வார்வது முதல் விளிம்பு கட்டுவது வரை நாலு மணித்தியாலம் என்றால் கூலி 1,000. ஓலை 120, சாயம் 40. இதுவரை 1,160. வாடகை, மின்சாரம், பை, பழுதாய்ப் போகிறவை என்று நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் ஏறக்குறைய 1,335. நான் 1,350 என்று எழுதி ஒட்டுவேன். உங்கள் இலக்கங்கள் வேறாக இருக்கும், கூட்டுகிற முறை இதுதான். நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். நான் மூன்று மணித்தியாலம் என்று நினைத்திருந்த ஒரு பை, பார்த்தால் ஆறரை. அதை இரண்டு வருசம் நட்டத்துக்கு விற்றிருக்கிறேன்.

“ஓலைதானே, இவ்வளவு விலையா?” என்று கேட்டால்?

கோபப்படாமல் ஒரு ஓலையைக் கையில் கொடுத்து, ஒரு மடிப்பு மடித்துப் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு வாங்குவார்கள். மீதிப் பேருக்கு ஈர்க்கு விளக்குமாறு இருக்கிறது, அது மலிவு.

பெரிய ஓடர் வந்தால் எடுக்கலாமா?

எந்த மாதம் என்று பார்த்து எடுங்கள். ஒருமுறை ஒரு சாமத்திய வீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழா) 150 சின்ன மூடுபெட்டி கேட்டார்கள், வந்தவர்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்க. நல்ல காசு, முற்பணமும் தந்தார்கள். ஆனால் அது கார்த்திகை மாதம். இழைத்து முடித்ததை அடுக்கி, தூசி படாமல் இருக்கப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன். ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் பையை அவிழ்த்தால் நரை விழுந்த தலை மாதிரி எல்லாம் பூஞ்சணம். சாமத்திய வீட்டுக்கு இன்னும் ஐந்து நாள். தேசிக்காய்ப் புளியும் உப்பும் தோய்த்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நெல் அவிக்கிற வீட்டு அடுப்பங்கரையில் காயவைத்து எண்பத்தொன்றைக் காப்பாற்றினோம். மீதியைப் பூநகரியிலிருந்து மூன்று பெண்கள் வந்து இரவிரவாக இழைத்தார்கள். இலாபம் அவர்களின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் சரி.

இப்போது மாரி ஓடர் என்றால் புரட்டாதிக்குள் இழைத்து முடித்துவிடுவேன். பொலித்தீனில் கட்டுவதில்லை, பழைய பருத்திச் சேலையில் சுற்றி உயரத்தில் வைப்பேன். பாதி முற்பணம் இல்லாமல் ஒரு ஓலைகூட வார்வதில்லை.

கொழும்புக் கடைகளுக்குக் கொடுக்கலாமா?

காசுக்குக் கொடுங்கள். “விற்றால் தருகிறோம்” என்று எடுத்தார்கள் ஒரு கடைக்காரர்; நாற்பது பை. ஏழு மாதத்துக்குப் பிறகு இருபத்தாறுக்குக் காசு வந்தது, மீதி வெயில் பட்டு வெளுத்துத் திரும்பி வந்தது. அவர்கள் விற்ற விலை என் விலையின் மூன்று மடங்கு என்பதை ஒரு பிள்ளை படம் பிடித்து அனுப்பியிருந்தது. கடிதத்தில் எழுதாமல் வாய்ப்பேச்சில் கொடுத்தது என் பிழை.

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கியது, தலைமையிடம் யாழ்ப்பாணத்தில். அவர்களின் கற்பகம் விற்பனை நிலையங்களில் பனைப் பொருட்கள் விற்பார்கள். தேசிய அருங்கலைகள் பேரவையிலும் கைவினைஞராகப் பதிந்துவைப்பது நல்லது. கண்காட்சி, போட்டி என்று வரும்போது கூப்பிடுவார்கள்.

பதிவு, அனுமதி என்னென்ன?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும், வியாபார அனுமதியைப் பிரதேச சபையில் எடுத்து வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். கிராம சேவகரிடம் முதலில் போங்கள், என்னென்ன கடிதம் வேண்டும் என்று அவர் சொல்வார். பெயர்ப் பதிவு இல்லாமல் கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. ஓடர் கொடுக்கிற நிறுவனங்கள் அதைத்தான் முதலில் கேட்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். கனடா, லண்டன், சுவிஸ் என்று போயிருக்கிறது. பெரும்பாலும் தபாலில் இல்லை, லீவுக்கு வந்து போகிறவர்களின் பெட்டியில். அதனால் தட்டையாக மடிகிற சாமான்களுக்கு மவுசு கூட. பாரத்தைப் பார்த்து எடுக்கிறவர்கள் விசிறியும் தடுக்கும் வாங்குவார்கள். அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள், தாவரப் பொருள் இருக்கிறது என்று விமான நிலையத்தில் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்து, பூச்சியும் விதையும் மண்ணும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டிவரும்.

சிலர் “பிளா அனுப்ப முடியுமா” என்று கேட்பார்கள். கூழ் குடிக்க ஓலையில் மடிக்கிறதே, அது. பச்சை ஓலையில் ஒரு நிமிடத்தில் மடித்து, குடித்துவிட்டு எறிகிற சாமான். அது காய்ந்தால் பிளாவே இல்லை. அவர்களுக்கு மடிக்கிற விதத்தைக் காணொளியாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரொறொன்ரோவில் எந்த ஓலையில் மடித்தார்களோ.

ஓலை தவிர வேறு என்ன செய்யலாம்?

சிரட்டை, பழைய சேலைக் கிழிசலில் கால்மிதி, பன்புல் பாய் எல்லாம் ஓடும். முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்குகிற வெறும் சிப்பி சரி. பவளப் பாறையைத் தொடாதீர்கள், அது சட்டத்துக்கு மாறு. முதிரை, பாலை மரத்தில் கைவினை செய்வதென்றால் மரம் எங்கிருந்து வந்தது என்ற அனுமதித் துண்டு கையில் இருக்க வேண்டும். குருத்தோலை ஞாயிறுக்குச் சின்னச் சிலுவை செய்து மன்னார்ப் பக்கம் அனுப்புகிற பெண்கள் இருக்கிறார்கள்.

எந்த மாதங்களில் வியாபாரம்?

ஆடி, ஆவணி. வெளிநாட்டு லீவு, மடுத் திருவிழா, நல்லூர் எல்லாம் சேர்ந்து வரும், ஏ9 நிரம்பியிருக்கும். தைப்பொங்கலுக்குச் சுளகும் பெட்டியும் உள்ளூர்ச் சனம் வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈ ஓட்டலாம்.

படம் எப்படி எடுப்பது?

காலை எட்டு மணிக்கு, மரநிழலில், பெட்டிக்குள் எதையாவது வைத்து. வெறும் பெட்டியின் படத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பத்து முட்டை வைத்துப் போட்ட பெட்டி அன்றே போய்விட்டது. வாங்கினவர் முட்டை சேர்த்தா என்று கேட்டார்.

வேலை செய்கிறவர்களுக்கு எப்படிக் காசு கொடுக்கிறீர்கள்?

சாமான் கணக்கில், வெள்ளிக்கிழமை பின்னேரம், விற்றாலும் விற்காவிட்டாலும். என் கடை நடக்கிறதா இல்லையா என்பது என் தலையிடி. கடன் கேட்டால் கொடுப்பேன், வட்டி இல்லை, ஆனால் கொப்பியில் இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

பழைய பெட்டி திருத்தித் தருவீர்களா?

தருவேன். பெரும்பாலும் விளிம்புதான் போயிருக்கும், ஈர்க்கு மாற்றிக் கட்டினால் சரி. ஓலை வெடித்திருந்தால் உள்ளே இன்னொரு பாட்டம் இழைத்து விடலாம். புதிதாகச் செய்வதைவிட நேரம் கூடப் போகும், காசு குறைவு. இருந்தாலும் எடுக்கிறேன், பழைய ஆட்கள் எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்று அவிழ்த்துப் பார்க்க வேறு வழி இல்லை.

போன மாசியில் ஒரு அம்மா வந்தா. மன்னார்ப் பக்கம் சொந்த ஊர். சீலைத் துணியில் சுற்றி ஒரு மூடுபெட்டி. 2008 இல் போருக்குள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எடுத்தது. கிளிநொச்சி, தருமபுரம், மாத்தளன், பிறகு செட்டிகுளம் முகாம் என்று எல்லா இடமும் கூட வந்திருக்கிறது. மூடியின் ஒரு பக்கம் முழுக்க அவிழ்ந்து, அடியில் ஒரு மூலை கரியாக இருந்தது. கரி மூலையை மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம், மூடி மட்டும் என்றா. வழக்கமாகக் கேட்கிறதையும் கேட்டேன், “இதுக்குள்ளை என்ன வைப்பீங்கள் அம்மா? அதுக்கேத்த மாதிரி இறுக்கிக் கட்டுறன்.”

“ஒண்டும் வைக்கிறேல்லைப் பிள்ளை. மூடி மூடினாக் காணும்.”

ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பக்கத்திலேயே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முந்தானையை அவிழ்த்து இருநூறு ரூபா எண்ணி வைத்தா. பிறகு மூடியைத் திறந்து, மூடி, இன்னொருதரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அதே துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தா.